பட்டம் கையில், வழி சொல்ல யார்?

கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, ஆவுடையார்கோவில் பக்கத்துச் சேரிகளில் இன்று பட்டதாரி இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. அவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். கறுப்பு அங்கியும் குல்லாயுமாக எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து விசாரித்தால், பையன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான், பெண் திருச்சியில் துணிக்கடையில் நிற்கிறாள். எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் கடன் வாங்கிப் படித்த மூன்று வருடப் படிப்பு அங்கே எந்தக் கணக்கிலும் வரவில்லையே!

'பிள்ளைகள் முயற்சி செய்வதில்லை' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வேலை பற்றிய செய்தி நம் நாட்டில் உறவு வழியாகத்தான் நடக்கிறது. வங்கியில் சித்தப்பா, தாலுகா ஆபீசில் மாமா, சென்னைக் கம்பெனியில் பெரியம்மா மகன் இருக்கிற வீட்டில், எந்தத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்பது சாப்பிடும்போதே காதில் விழும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கும் கொத்தனார் வேலைக்குப் போகும் தகப்பனுக்கும் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

விண்ணப்பித்தாலும் சாதி விடுவதில்லை. பேராசிரியர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனியார் நிறுவனங்களின் 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. ஒரே தகுதி, வேறு வேறு பெயர்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துப் பேசினார்கள். தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்ன அதிகாரிகளே நேர்முகத்தில் குடும்பப் பின்னணியையும் கேட்பதாகச் சொன்னார்கள். 'அப்பா என்ன செய்கிறார்?' என்ற கேள்வி சிலருக்குக் குசலம் விசாரிப்பு. நம் பிள்ளைகளுக்கு அது தடைக்கல்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வந்த அண்ணல் அம்பேத்கருக்கே தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. வேலையை விட்டுத்தான் திரும்பினார். அவரே பிற்காலத்தில் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது, 1945இல், வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கான நாடு தழுவிய அமைப்பு உருவானது. அந்த வகையில் அது நமக்கு உரிமையுள்ள இடம்.

ஆனால், பதிவு செய்துவிட்டு அழைப்புக் கடிதத்துக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. இன்று அரசு வேலை என்றால் பெரும்பாலும் போட்டித் தேர்வுதான். ஆகவே அந்த அலுவலகத்தை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். அங்குள்ள தன்னார்வப் பயிலும் வட்டம் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாகப் பயிற்சி தருகிறது. பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிந்து ஐந்தாண்டு ஆகியும் வேலை கிடைக்காத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை உண்டு. நம் மக்களுக்கு வயது வரம்பு 45. சிறு தொகைதான், ஆனாலும் விண்ணப்பத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும்.

டிஎன்பிஎஸ்சியில் ஐந்தாண்டு செல்லும் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய். அதன்பின் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தேர்வுக் கட்டணம் இல்லை. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். குரூப் 4 தேர்வின் 300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு உரியது. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் படித்தவருக்கு வேலை இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை. பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட பதவிக்கு, ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். அரசுப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும் படித்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதற்குத் தகுதியானவர்கள். ஆனால் அறிவிப்பு வந்த பிறகு பழைய பள்ளிகளைத் தேடி ஓடினால் நாள் கடந்துவிடும். சாதிச் சான்றோடு இதையும் இப்போதே வாங்கி வையுங்கள். தனியார் வேலைக்கோ சொந்தத் தொழிலுக்கோ போக நினைப்பவர்கள் தாட்கோவின் திறன் பயிற்சிகளையும் கடனுதவிகளையும் விசாரிக்கலாம்.

இவ்வளவும் அரசாணையில் இருக்கிறது. தெருவுக்கு வந்து சேரவில்லை. சேர்ப்பது எப்படி என்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991இல் அறிவொளி இயக்கம் வந்தபோது தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்த் தெருவிளக்கடியில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கல் உடைத்த பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டினார்கள். 'படித்தவர்கள் வரட்டும்' என்று யாரும் காத்திருக்கவில்லை. படித்தவர்கள் தேடிப் போனார்கள்.

அந்தப் பெண்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பட்டத்தோடு நிற்கிறார்கள். ஆசிரியராக, காவலராக, வங்கி ஊழியராக, கிராம நிர்வாக அலுவலராக வேலைக்குப் போய் நகரத்தில் வீடு கட்டிக்கொண்ட நம் அண்ணன்களும் அக்காக்களும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் ஊர் அம்பேத்கர் மன்றத்தில் வந்து உட்கார வேண்டும். அறிவிப்புகளைப் படித்துச் சொல்ல வேண்டும், விண்ணப்பத்தைச் சரிபார்க்க வேண்டும், நேர்முகத்தில் கேட்பதுபோல் கேட்டுப் பழக்க வேண்டும். கல்லூரிகளும் கடைசி ஆண்டு முடிவதற்குள் மாணவர்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒருமுறையாவது அழைத்துப் போக வேண்டும்.

இடஒதுக்கீட்டில் வேலைக்குப் போன ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவர் வழி சொல்லியிருப்பார். அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய இடம் நம் சேரிதான்.