ஹெட் கெஸ்கட் போய்விட்டதா? கழற்றுமுன் தண்ணீரைப் பாருங்கள்

பஞ்சிகாவத்தையில் எஞ்சின் உதிரிப்பாகங்கள் விற்பது என் தொழில். வாகனக்காரர்களைப் போலவே முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்துப் படகுக்காரர்களும் எங்கள் தெருவுக்கு வருவார்கள். "ஒரு ஹெட் செட் தாங்க நானா" என்று கேட்பார்கள். பல வருடங்களாக நானும் மறுகேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்து வந்தேன். கேட்ட சாமானைக் கொடுப்பதுதானே வியாபாரம் என்று நினைத்திருந்தேன்.

கடந்த வருடம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தார். சொந்தமாக ஒரு படகு வைத்திருக்கிறார். எஞ்சின் ஒயில் பால் தேநீர் போல வெளுத்துவிட்டது. பார்த்த பாஸ் ஹெட் கெஸ்கட் போய்விட்டது என்று சொல்லிவிட்டார். கெஸ்கட் செட், போல்ட், லேத் கூலி, பாஸின் கூலி எல்லாவற்றுக்குமாக மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பணத்தோடு வந்திருந்தார்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் இதே குறைக்கு இன்னொருவருக்கு ஒரு செட் விற்றிருந்தேன். ஒரு மாதத்திற்குள் அவருடைய எஞ்சினில் ஒயில் மீண்டும் வெளுத்தது. அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அதன்பின் என் கடைக்கு வரவும் இல்லை. அது மனதில் கிடந்ததால் இவரிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, கூலன்ட் குறைஞ்சிருக்கா?"

"இல்ல நானா. தாங்கி நிறைஞ்சபடிதான் இருக்கு."

அந்தப் பதிலைக் கேட்டதும் எடுத்த செட்டைத் திரும்ப இறாக்கையில் வைத்தேன். காரணத்தை விளக்குகிறேன்.

இரண்டு தண்ணீர்

சிலிண்டர் தொகுதிக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் மெல்லிய தகடே ஹெட் கெஸ்கட். எரியும் வாயு, ஒயில், குளிர்விக்கும் நீர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது அதன் வேலை.

வாகன எஞ்சினில் ஒரே தண்ணீர்தான் ஓடுகிறது. ஆனால் படகில் உள்ளே பொருத்தும் டீசல் எஞ்சின் பலவற்றில் இரண்டு தண்ணீர் ஓடும். எஞ்சினுக்குள் சுற்றுவது கூலன்ட் கலந்த நன்னீர். அந்த நன்னீரை வெப்பமாற்றியில் வைத்துக் குளிரச் செய்வது வெளியிலிருந்து பம்ப் இழுக்கும் கடல் நீர். இந்த வகை எஞ்சினில் கடல் நீர் ஹெட் கெஸ்கட்டின் பக்கமே வருவதில்லை. ஆகவே ஒயிலில் கலந்திருப்பது உப்பு நீர் என்றால் குற்றவாளி கெஸ்கட் அல்ல. கடல் நீர் பம்ப்பின் சீல், கடல் நீரால் குளிரும் ஒயில் கூலர், புகைக்குழாய் வழியாகத் திரும்பி வரும் நீர் ஆகிய மூன்றையே சந்தேகிக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்று அறிய பெரிய கருவி தேவையில்லை. எஞ்சினைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால் தண்ணீரின் ஒரு பகுதி ஒயிலுக்கு அடியில் தங்கும். அடித்தட்டின் ஆணியைத் தளர்த்தும்போது முதலில் வடிவது அந்தத் தண்ணீர்தான். அதைப் போத்தலில் தெளிய விட்டு, ஒயில் இல்லாத நீரில் ஒரு கரண்டி எடுத்துத் திறந்த வெளியில் வற்றக் காய்ச்சுங்கள். கடல் நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே வெள்ளைப் படிவு தெளிவாகத் தெரியும். கூலன்ட் என்றால் நிறமும் பிசுபிசுப்பும் மிஞ்சும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், கூலன்ட் நஞ்சு.

அந்தத் தம்பியின் கரண்டியில் உப்புப் பூத்தது. பம்ப்பைக் கழற்றிப் பார்த்தபோது சீல் தேய்ந்திருந்தது. இவ்வகைப் பம்ப்பில் இரண்டு சீல்களுக்கு நடுவே கசிவு வெளியேறுவதற்காக ஒரு சிறு துவாரம் விட்டிருப்பார்கள். யாரோ எஞ்சினுக்கு பெயின்ட் அடித்தபோது அந்தத் துவாரத்தையும் மூடியிருந்தார்கள். வெளியே சொட்ட வேண்டிய நீர் உள்ளே போயிருக்கிறது. சீல் மாற்றி, மூன்று முறை ஒயில் மாற்றியதோடு வேலை முடிந்தது. வளையல்கள் வீட்டுக்குத் திரும்பின.

உண்மையிலேயே கெஸ்கட் போனால்

அதற்காக எல்லாவற்றுக்கும் பம்ப்தான் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, வெளியில் கசிவில்லை என்றால் கெஸ்கட்டைச் சந்தேகிக்கலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்தில் தண்ணீர் ஹோஸ் கல் போல இறுகினால் சந்தேகம் வலுக்கும். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை. ஆகவே அந்த அழுத்தம் எரியும் வாயுவினுடையது. தாங்கியில் இடைவிடாது குமிழி வருவதும் அதே அடையாளம். சூடான எஞ்சினில் மட்டும் தாங்கி மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

எஞ்சின் ஓடும்போது சிலிண்டரின் அழுத்தம் அதிகம், எனவே வாயு தண்ணீருக்குள் போகும். நிறுத்தியபின் தண்ணீரின் அழுத்தம் அதிகம், எனவே தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் எஞ்சின் சுழல மறுத்தால் வலுக்கட்டாயமாக ஸ்டார்ட் பண்ண வேண்டாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ரொட்தான் வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றி நீரை வெளியேற்றுங்கள்.

கொம்ப்ரஷன் அளந்து பார்ப்பது அடுத்த படி. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைவாக இருந்தால் அவற்றுக்கு நடுவே கெஸ்கட் எரிந்திருக்கக் கூடும். வெண்புகையை மட்டும் நம்ப வேண்டாம். புகையோடு கடல் நீரும் வெளியேறும் எஞ்சினில் நீராவி எப்போதும் இருக்கும்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கரைகளில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களின் கதை வேறு. அவற்றுக்குள் கடல் நீரே நேரடியாக ஓடுகிறது. ஆகவே உப்பைக் கண்டாலும் கெஸ்கட் தப்பாது. ஹெட்டின் விளிம்பில் உப்புப் படிவு, ஒரு பிளக் மட்டும் கழுவியது போல் சுத்தமாக இருத்தல் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

கெஸ்கட் தானாகப் போவது குறைவு. பெரும்பாலும் சூடேறியே போகிறது. களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு பொலித்தீன் பை நீர் வாயை அடைத்தாலே போதும். ஆகவே கழற்றினால் சூட்டின் காரணத்தையும் கண்டுபிடியுங்கள். ஹெட்டை லேத் பட்டறையில் மட்டம் பாருங்கள், 0.1 மில்லிமீற்றர் கோணல்கூடப் பல எஞ்சின்களுக்கு அதிகம். போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் சொன்ன வரிசையில், சொன்ன அளவுக்கே இறுக்குங்கள். இவற்றைச் செய்யாமல் புதிய கெஸ்கட் போடுவது கிழிந்த பைக்குள் காசு போடுவது போல.

உப்பு நீர் புகுந்த எஞ்சினுக்கு அவகாசம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அன்றைக்கே ஒயிலை மாற்றி இயக்கி மீண்டும் மாற்றாவிட்டால் பெயாரிங்குகளைத் துரு தின்றுவிடும்.

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. இரண்டு மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. இறக்குமதிச் சாமானில் தவறிய ஒரு முடிவு எவ்வளவு வலிக்கும் என்பதை அன்று எல்லோரும் கற்றோம். படகு வைத்திருப்பவர்களும், படகுக்கு முற்பணம் கொடுக்கும் மீன் வியாபாரிகளும் ஹெட் வேலைக்குச் சம்மதிக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கூலன்ட் குறைந்ததா? ஒயிலில் இருப்பது எந்தத் தண்ணீர்? கொம்ப்ரஷன் அளந்தீர்களா? நல்ல பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார்.

என் கடையிலும் இப்போது ஹெட் செட் கேட்டு வருபவரிடம் முதலில் இந்தக் கேள்விகளைத்தான் கேட்கிறோம். செட் விற்பனை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்தத் தம்பியோ தன் படகுக்கு வேண்டிய பில்டர், பெல்ட், இம்பெல்லர் எல்லாவற்றையும் இன்றுவரை என்னிடமே வாங்குகிறார்.