கணிப்பொறியின் பதிவேட்டுக்குக் காவல்

மும்பையில் திலக் நகர் ரயில் நிலையத்தை அடுத்துள்ள லோகமான்ய திலக் முனையத்திலிருந்து தென்னாட்டிற்கு ரயில்கள் புறப்படுகின்றன என்பது தமிழர் பலர் அறிந்ததே. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அணுசக்தி நகரில், இந்திய அணுமின் கழகத்தின் தலைமை நிலையம் அமைந்துள்ளது. 2019 அக்டோபர் 30 அன்று இக்கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி முந்திய நாட்களில் செய்திகள் பரவியிருந்தன; 29ஆம் தேதி நிலையத்தார் மறுப்பும் தெரிவித்திருந்தனர். ஆயினும், கழகத்தைச் சேர்ந்த கணிப்பொறி ஒன்றில் தீங்கு விளைக்கும் நிரல் புகுந்தது உண்மையே என்றும், செப்டம்பர் 4 அன்றே மத்திய சர்க்காரின் ‘செர்ட்-இன்’ அமைப்பு இதனைத் தெரிவித்தது என்றும் அவ்வறிக்கை கூறியது. அக்கணிப்பொறி நிர்வாகப் பணிக்குரியது. மின் நிலையத்தை இயக்கும் அமைப்புகள் பாதிக்கப்படவில்லை.

இத்தகைய நிரல்கள் ஒரு கணிப்பொறியில் எவ்வாறு நிலைபெறுகின்றன? அவற்றை எவ்வாறு கண்டறியலாம்?

பதிவேடு என்பது யாது?

விண்டோஸ் கணிப்பொறிகளில் ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் பதிவேடு ஒன்று உண்டு. 1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1 பதிப்பில் இது தோன்றியது. கிளை கிளையாகப் பிரியும் தலைப்புகளும், அவற்றின் கீழ்க் குறிப்புகளும் இதில் அடங்கும். ‘ரன்’ என்ற தலைப்பின் கீழுள்ள நிரல்கள், பயனர் கணிப்பொறியினுள் நுழையும்போதெல்லாம் தாமே இயங்கும். ‘சர்வீசஸ்’ என்ற தலைப்பு, பின்னணியில் இயங்கும் சேவைகளையும் சாதன இயக்கிகளையும் குறிக்கிறது. கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் தான் அழியாதிருக்க விரும்பும் தீய நிரல், பெரும்பாலும் இவ்விடங்களில் ஒரு வரி எழுதிவிடுகிறது.

2010 ஜூனில் கண்டறியப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ இதற்குத் தக்க சான்று. ஈரானின் நடான்ஸ் அணு ஆலையைக் குறிவைத்த இந்நிரல், பிற நாடுகளுக்கும் பரவியது. பாதிக்கப்பட்ட கணிப்பொறிகளின் எண்ணிக்கையில் ஈரான், இந்தோனேசியா ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இந்தியா நின்றது. இது ‘சர்வீசஸ்’ தலைப்பின் கீழ் ‘எம்ஆர்எக்ஸ்கிளஸ்’, ‘எம்ஆர்எக்ஸ்நெட்’ என்னும் இரு இயக்கிகளைப் பதிந்தது. விண்டோஸுக்கே உரிய ‘எம்ஆர்எக்ஸ்எஸ்எம்பி’ என்ற பெயரை அவை ஒத்திருந்தன. ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து களவாடப்பட்ட சான்றொப்பமும் அவற்றில் இருந்தது. ஆகவே பெயரும் ஒப்பமும் ஐயம் எழுப்பவில்லை. நேற்று இல்லாத வரி இன்று இருக்கிறது என்பதொன்றே தடயம்.

விதி எழுதும் முறை

பதிவேடு முழுவதையும் கண்காணிப்பது பயன் தராது. விண்டோஸே அதில் ஓயாது எழுதிக்கொண்டிருப்பதால், எச்சரிக்கைகள் மலைபோல் குவியும். எவரும் அவற்றைப் படியார். எனவே ஒவ்வொரு விதியும் நான்கு வினாக்களுக்கு விடை கூற வேண்டும்: எந்தத் தலைப்பு? எவ்வகை மாற்றம்? எந்த நிரல் மாற்றியது? எவருக்கு விலக்கு?

விலக்கு அளிப்பதிலேயே பிழைகள் மிகுதி. ஒரு நிரலின் பெயரை மட்டும் கண்டு விலக்களித்தால், அப்பெயரைச் சூடிய பகையும் உள்ளே நுழையும். நிரல் அமைந்துள்ள முழு இடத்தையும் குறிப்பிடுதல் நலம். சான்றொப்பம் மட்டும் போதாது என்பதை ஸ்டக்ஸ்நெட் காட்டியது.

விண்டோஸின் பாதுகாப்புக் குறிப்பேட்டில், 4657 என்ற எண்ணுள்ள நிகழ்ச்சி பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் காட்டும். தணிக்கையைப் பொதுக் கொள்கையிலும், அந்தத் தலைப்பின் மீதும் ஏற்படுத்தினாலன்றி இது பதிவாகாது. 2014இல் வெளிவந்த ‘சிஸ்மான்’ என்னும் கருவி 12, 13, 14 ஆகிய எண்களில் இம்மாற்றங்களைக் குறிக்கிறது. ஆனால் பழைய மதிப்பைத் தருவதில்லை. ஆதலால் சீரான நிலையிலுள்ள பதிவேட்டின் நகல் ஒன்றை முன்னரே சேமித்து வைத்தல் வேண்டும்.

விதியை எழுதிய பின், ‘ரன்’ தலைப்பின் கீழ்த் தீங்கற்ற வரி ஒன்றைத் தாமே எழுதி, எச்சரிக்கை வருகிறதா எனச் சோதித்தல் அவசியம்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி திருத்தப்பட்டிருந்தால், தலைமையாசிரியரின் சுருக்கொப்பம் எங்கே என்று ஆய்வாளர் கேட்பார். யார், எப்போது, எவர் அனுமதியுடன் திருத்தினார் என்ற அதே கேள்விகளையே இவ்விதிகளும் கேட்கின்றன. கேள்வி எழும்போது விடை தேடுவதற்கு ஓர் அலுவலரை நியமித்தலும் விதியின் பகுதியே ஆகும்.