இரவின் விருப்பமும் பகலின் ஊதியமும்

மனத்துக்குப் பிடித்த காரியத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டுவிட்டால் உழைப்பின் களைப்பே தெரியாமற் போய்விடும் என்ற உபதேசம் இக்காலத்து இளைஞர்களின் காதில் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் புறப்படுகிறவரும், வீட்டில் கேக் செய்து அண்டை அயலாரின் பாராட்டைப் பெற்ற இல்லத்தரசியும், அலுவலகத்திலிருந்து திரும்பியபின் வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறவரும், மாதச் சம்பளத்தை உதறிவிட்டு இதுவே தொழிலென்று இறங்கிவிடலாமா என்று ஒரு முறையேனும் யோசியாமல் இருந்திருக்க மாட்டார்கள். இந்த அபிலாஷையை அசட்டுத்தனமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் உபதேசம் செய்கிறவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் பகுதியே பெரிது என்பது என் அபிப்பிராயம். நமக்காகச் செய்துவந்த ஒன்றைப் பிறருக்காக, பிறர் குறித்த நேரத்தில், பிறர் வகுத்த அளவில் செய்யத் தொடங்கும்போது விருப்பத்துக்கு என்ன நேர்கிறது என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. அதை முழுதாகக் கண்டுகொள்வதற்கு, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டபோதிலும், இங்கிலாந்தில் சங்கீதம் கற்பித்துப் பிழைத்த ஒருவருடைய சரித்திரத்தைப் போல் உதவுவது வேறொன்று இருப்பதாக நான் அறியேன்.

வில்லியம் ஹெர்ஷல் 1738-இல் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் ராணுவ வாத்தியக்காரர் ஒருவருடைய மகனாகப் பிறந்து, தாமும் அந்த வாத்தியக் குழுவிலேயே ஓபோ என்னும் குழலை வாசித்து, பின்னர் 1757-இல் பிழைப்பை நாடி இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தவர். வெந்நீர் ஊற்றுகளுக்காகச் செல்வந்தர்கள் திரளும் பாத் நகரத்தில், 1766-இல், ஆக்டகன் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. ஆலயத்தில் வாசிப்பது, கச்சேரிகள் நடத்துவது, வாரத்துக்கு 30-க்கும் மேற்பட்ட பாடங்கள் சொல்லிக்கொடுப்பது என்று பகற்பொழுது முழுவதும் கழிந்துபோயிற்று. சங்கீதத்தின் சாஸ்திரத்தை அறிய விரும்பி ராபர்ட் ஸ்மித் என்பவர் சுருதிகளின் இலக்கணத்தைப் பற்றி எழுதிய நூலைப் படித்தவர், அதே ஆசிரியர் ஒளியைப் பற்றி எழுதிய நூலையும் படிக்கலானார். அதன் மூலமாக அவருடைய சித்தம் ஆகாயத்தின் பக்கம் திரும்பியது. தாம் விரும்பிய அளவுள்ள தொலைநோக்கியை விலைகொடுத்து வாங்கும் சக்தி இல்லாமையால், 1773-இல் அதற்குரிய குழியாடியைத் தாமே செய்யத் தலைப்பட்டார்.

அக்காலத்தில் அத்தகைய ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் வார்க்கப்பட்டன. குதிரைச் சாணத்தைப் பொடித்துச் சலித்துப் பிசைந்து அச்சு அமைக்க வேண்டும். உருக்கி ஊற்றிய உலோகம் ஆறியபின், அதன் பரப்பைக் கையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். இடையிலே கையை எடுத்தால் பரப்பின் வளைவு கெட்டுவிடக்கூடும். ஒரு முறை 16 மணி நேரம் கையை எடுக்காமலே ஹெர்ஷல் மெருகேற்றினார் என்றும், உடனிருந்த தங்கை கரோலின் அவர் வாயில் உணவை ஊட்டினாள் என்றும் அவளே எழுதி வைத்திருக்கிறாள். 1781-இல் பெரிய ஆடி ஒன்றை வார்க்கும்போது உலை கசிந்து, உருகிய உலோகம் தரையிலே பாய்ந்து, தளத்துக் கற்கள் வெடித்துச் சிதற, எல்லோரும் உயிர் தப்பி ஓடும்படி ஆயிற்று. அதே ஆண்டின் மார்ச் 13-ஆம் தேதி இரவில், தம் கையாற் செய்த தொலைநோக்கியின் வழியே, ஒரு புள்ளியைப் போலன்றி வட்டமாகத் தெரிந்த பொருள் ஒன்றைக் கண்டு, அதை வால்நட்சத்திரமென்றே முதலில் அவர் எண்ணினார். கணித வல்லவர்கள் அதன் பாதையை ஆராய்ந்து, அது சனிக்கும் அப்பால் சுழலும் ஒரு கிரகமென்று நிச்சயித்தார்கள். சரித்திர காலத்துக்கு முன்பிருந்தே மனிதர் அறிந்திருந்த கிரகங்களோடு புதிதாகச் சேர்ந்த முதற் கிரகமாகிய யுரேனஸ், இவ்வாறு சங்கீத ஆசிரியர் ஒருவருடைய ஓய்வுநேர உழைப்பினால் உலகுக்குத் தெரியவந்தது.

மறு ஆண்டிலேயே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு வருஷத்துக்கு 200 பவுன் மானியம் வழங்கினார். கனவு நனவாயிற்று என்றுதான் நாம் சொல்லுவோம். ஆனால் அந்தத் தொகை சங்கீதத்தினால் அவர் பெற்றுவந்த வருவாயிலும் குறைவு. மேலும், விண்ட்ஸர் அரண்மனைக்கு அருகே குடியேறி, அரச குடும்பத்தினர் விரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு வானத்தைக் காட்டவேண்டும் என்பதும் அதனோடு கூடிய கடமையாக இருந்தது. குறைந்த வருமானத்தை ஈடுசெய்வதற்காக ஹெர்ஷல் தொலைநோக்கிகள் செய்து விற்கத் தொடங்கினார். ஸ்பெயின் மன்னருக்கென்று 25 அடி நீளத்தில் ஒன்று செய்து கொடுத்து 3,150 பவுன் பெற்றார் என்றால், அந்த வியாபாரம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும். 1786-இல், மன்னர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாக வழங்கிய தொலைநோக்கியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. அந்தப் பிரயாணத்தில் அவர் ஆகாயத்தை விட்டு அகன்றிருந்த நாட்களில்தான், வீட்டிலிருந்த கரோலின் தன்னந்தனியே வானத்தைத் துருவிப் பார்த்து, ஆகஸ்டு 1-ஆம் தேதி தன்னுடைய முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டாள்.

இதனால் ஹெர்ஷல் செய்தது பிழை என்று நான் கருதுவதாக யாரும் எண்ணவேண்டாம். நட்சத்திரக் கொத்துகளும் நெபுலாக்களுமாக 2,500 பொருள்களுக்கு அவர் தயாரித்த பட்டியல்கள், பாடம் சொல்லிக்கொடுத்து எஞ்சிய இரவுகளில் எழுதப்பட்டிருக்கக் கூடியவை அல்ல. பார்வையாளர்கள் திரண்டு வந்து வியந்தது ஸ்லோ என்னும் ஊரில் 1789-இல் முடிவுற்ற 40 அடித் தொலைநோக்கியைத்தான். மன்னர் அதற்கு 4,000 பவுன் கொடுத்திருந்தார். ஆனால் அந்தப் பட்டியல்களுக்கு உதவியது கையாள்வதற்கு எளிதான 20 அடிக் கருவியே. பெயரைப் பரப்பும் வேலை வேறு, அறிவை விருத்தி செய்யும் வேலை வேறு என்று பிரிந்து நிற்பதும், இரண்டுக்கும் அதே மனிதர் காலத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருப்பதும் விருப்பத்தைத் தொழிலாக்கியவர்கள் அனைவருக்கும் நேர்வதுதான். அதை ஹெர்ஷல் தாங்கிக்கொண்டதற்குக் காரணம், என் சிந்தனைக்கு எட்டியவரை, ஒன்றே. அவருக்கு நட்சத்திரங்கள் மட்டும் பிரியமானவை அல்ல. சாணத்தைப் பிசைவதும், உலோகத்தை உருக்குவதும், மணிக்கணக்காகத் தேய்ப்பதும் அவர் கைகளுக்குப் பிரியமாகவே இருந்தன. நட்சத்திரத்தை மட்டும் நேசித்து, பட்டறையை வெறுத்தவராக இருந்திருந்தால், அந்த 200 பவுன் மானியம் சில ஆண்டுகளுக்குள்ளேயே அவருக்குத் தாளமுடியாத பாரமாகியிருக்கும்.

கரோலினுடைய நிலை வேறு. அவள் 1772-இல் ஹானோவரிலிருந்து பாத் நகருக்கு அழைத்து வரப்பட்டது பாடகியாவதற்காக. பயிற்சி பெற்று மேடைகளில் முக்கிய பாகங்களைப் பாடும் அளவுக்கு உயர்ந்தும் விட்டாள். அண்ணன் வானத்தைத் தொழிலாகக் கொண்டு ஊர்மாறிய அன்றே அவளுடைய சங்கீத வாழ்க்கை முடிந்துபோயிற்று. ஒருவர் தம் விருப்பத்தைத் தொழிலாக்கிக் கொள்ளும்போது அதன் விலையைக் குடும்பத்தில் இன்னொருவரும் சேர்ந்து செலுத்துகிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. தான் விரும்பித் தேர்ந்தெடுக்காத அந்தக் காரியத்தில், குளிர்காலத்து இரவுகளில் குறிப்பெழுதியும் கணக்குப் போட்டும் பழகப் பழக, அவளுக்கே ஒரு ஈடுபாடு முளைத்து வளர்ந்தது. 1787 முதல் அவளுக்கும் வருஷத்துக்கு 50 பவுன் மானியம் கிடைத்தது. தன் இஷ்டப்படி செலவழிக்கத் தனக்கு உரிமையுண்டு என்று வாழ்நாளில் முதன்முதலாக எண்ணிய பணம் அதுவே என்று அவள் குறிப்பிட்டிருக்கிறாள். எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டறிந்து, 1828-இல் ராயல் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கத்தையும் பெற்றாள். விருப்பம் முன்னே பிறந்து தொழில் பின்னே வருவதுதான் முறையென்று நாம் பேசுகிறோம். தேர்ச்சி முன்னே வந்து விருப்பம் அதன் பின்னே வருவதும் உண்டு என்பதை இவள் வாழ்க்கை காட்டுகிறது. பிடித்த வேலை கிடைக்கவில்லையே என்று ஏங்கும் இளைஞர்கள் அண்ணனைக் காட்டிலும் தங்கையைப் பற்றி அதிகமாகச் சிந்திக்கலாம்.

ஊதியம் விருப்பத்தை என்ன செய்கிறது என்பதை மனோதத்துவ அறிஞர்கள் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1973-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர், அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில், படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்து மூன்று பிரிவாக்கினர். வரைந்தால் நாடாவும் பொன்முத்திரையும் பதித்த நற்சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு பிரிவுக்கு முன்னதாகவே சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல் பின்னர் எதிர்பாராத விதமாக அது வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவுக்கு ஒன்றுமில்லை. சில நாட்களுக்குப் பின் அவரவர் இஷ்டப்படி விளையாட விட்டபோது, முன்னதாக வாக்களிக்கப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. ஆகவே பணமோ பரிசோ தன்னளவில் தீங்கானதன்று. இதைச் செய்தால் அதைத் தருவேன் என்ற உடன்படிக்கையே ஆசையின் வேரைத் தொடுகிறது. குழந்தைகளுக்கு நேர்ந்தது பெரியவர்களுக்கும் அப்படியே நேருமென்று அறுதியிட்டுச் சொல்வது நியாயமாகாது. ஆனாலும் பொழுதுபோக்கைத் தொழிலாக்க நினைப்பவர் இதை அறிந்திருப்பது நல்லது.

நம் ஊரிலே பறவைகளைப் படமெடுப்பதில் ஆனந்தம் காண்கிற ஒருவர் காமிராவை நம்பிப் பிழைக்க வந்தால், முதலில் அவரைத் தேடி வரும் வேலை கல்யாணங்களாகத்தான் இருக்கும். விடியற்கால முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்தில் நிற்பதும், ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பொறுக்குவதும், ஆல்பத்தின் அட்டை நிறத்தைப் பற்றி இரு வீட்டாருக்கும் சமாதானம் சொல்லுவதும், பாக்கித் தொகைக்காக நாலு முறை தொலைபேசியில் பேசுவதும் அந்த ஜீவனத்தின் அங்கங்கள். ஆடியும் மார்கழியும் வந்தால் முகூர்த்தங்கள் நின்றுவிடும். வாடகையும் கடன் தவணையும் நிற்கமாட்டா. கேக் செய்கிற பெண்மணிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, மாவின் விலை, சனிக்கிழமை இரவுத் தூக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே வரும்.

தொழிலாக்காமலே விருப்பத்தைப் பூரணமாக வாழ்ந்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். லா. ச. ராமாமிர்தம் பஞ்சாப் நேஷனல் வங்கியில் நெடுங்காலம் பணிபுரிந்துகொண்டே எழுதினார், தி. ஜானகிராமன் வானொலி நிலையத்தில் உத்தியோகம் பார்த்தார். சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தார். இவர்களுடைய எழுத்தை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். மாதச் சம்பளம் ஒரு புரவலரைப் போல நின்று அந்த எழுத்தைக் காத்தது. பிழைப்புக்காக எழுதவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமையால், எழுதத் தகாததை எழுத மறுக்கும் சுதந்திரமும் அவர்களுக்கு இருந்தது.

அந்தப் பாதுகாப்பை விட்டு வெளியேறி வென்றவர் என்று சொல்லத்தக்கவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வராகிய இவர் 1940-களில் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி முதலிய பல பதவிகளை வகித்துவிட்டு, சென்னைக்குத் திரும்பி, காடுகளையும் விலங்குகளையும் பற்றி எழுதியும் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துமே வாழத் தீர்மானித்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-இல் அவர் தொடங்கிய பகுதி, 1996-இல் அவர் காலமாகும் வரை தொடர்ந்து வந்தது. பத்திரிகை குறித்த தேதிக்குள், பத்திரிகை ஒதுக்கிய இடத்துக்குள், 46 ஆண்டுகள் எழுதுவதற்கு வனத்தின்மேல் உள்ள பிரியம் மட்டும் போதாது. வேலையை விடும் முன்னரே அவர் பத்திரிகைகளுக்கு எழுதியும் சித்திரம் வரைந்தும் பழகியிருந்தார் என்பதை, அவருடைய துணிவை மட்டும் புகழ்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆகையால், வேலையை விடலாமா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு, வேலையில் இருந்துகொண்டே ஒரு வருஷ காலம் அந்நியரிடம் பணம் வாங்கிக்கொண்டு, அவர்கள் சொன்ன தேதியில், அவர்கள் கேட்ட விதத்தில் அந்தக் காரியத்தைச் செய்து பாருங்கள் என்றே சொல்லிவருகிறேன். ஆடியும் மார்கழியும் அந்த வருஷத்துக்குள் ஒரு முறை வந்துபோகும். பணம் தர இழுத்தடிக்கிறவரும் ஒருவராவது வந்துபோவார். வருஷ முடிவில் வரவு செலவுக் கணக்கை எழுதி முடித்தபின், ஆல்பம் அடுக்கிய நாட்களும் பாக்கி கேட்டு அலைந்த நாட்களும் எவ்வளவு தூரம் தாங்கக்கூடியவையாக இருந்தன என்பதை நேர்மையாக அதன் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு, அந்தத் தாளை வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு முறை படிக்க வேண்டும். அந்த வருஷத்தின் இரவுகளை அவர்களும் கண்விழித்துக் கழித்திருப்பார்களாதலால், அவர்கள் சொல்லும் வார்த்தைக்கும் அந்தக் கணக்கில் இடமுண்டு.