மூடுபனிக்கு விரித்த வலை

சிலி நாட்டின் கோகிம்போ வட்டாரத்தில் கடலோரமாக சுங்குங்கோ என்றொரு மீனவக் குப்பம். எதிரே பசிபிக் பெருங்கடல், குடிக்கத்தான் தண்ணீர் கிடையாது. வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைக் கூட்டினாலும் 100 மில்லிமீட்டர் தேறுவது அபூர்வம். முந்நூற்றுச் சொச்சம் பேரும் லாரித் தண்ணீரை நம்பிக் காலம் தள்ளினார்கள்.

ஊருக்குப் பின்னால் எல் டோஃபோ மலை. இரும்புத் தாது வெட்டியெடுத்துவிட்டுக் கைகழுவிய பழைய சுரங்கம் அங்கே இருக்கிறது. மலை முகட்டை மூடுபனி அடிக்கடி வந்து மூடிக்கொள்ளும். ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கடல்மேல் காற்றைக் குளிரவைப்பதால் தாழ்வாக மேகம் திரள்கிறது. அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் படிந்திருப்பதால் மேகம் எழும்பி மழையாக முடிவதில்லை. கடற்காற்று அதை அப்படியே மலைமேல் தள்ளிவிடுகிறது.

தலைக்கு மேலே போகிற அந்தத் தண்ணீரைப் பிடிக்க, சிலி ஆய்வாளர் பிலார் செரசெதா, கனடாவின் ராபர்ட் ஷெமனவர் முதலானோர் 1987இல் இறங்கினார்கள். நாற்றுப்பண்ணைகளில் வெயிலுக்குக் கட்டுகிறோமே நிழல்வலை, கிட்டத்தட்ட அதுதான் கருவி. 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரத்தில் இரட்டையாக வலையை மடித்து, காற்று வரும் திசைக்குக் குறுக்கே இரண்டு கம்பங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினார்கள். பனித்துளி தலைமுடியைவிட மெல்லியது. இழையில் மோதி ஒட்டுகிறது, பக்கத்துத் துளியோடு சேர்ந்து கனக்கிறது, கனம் தாளாமல் வழிந்து அடியிலுள்ள வாய்க்காலில் விழுகிறது. வலை ரொம்ப நெருக்கமாக இருந்தால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடும். அகலமாக இருந்தால் துளிகள் தப்பிவிடும். வித்தையெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

ஒரு சதுர மீட்டர் வலைக்குச் சராசரி நாளைக்கு 3 லிட்டர். ஏறக்குறைய நூறு வலைகள் சேர்ந்து சுமார் 15,000 லிட்டர் கொடுத்தன. மோட்டாரும் கரண்டும் வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் குழாயில் தானே இறங்கியது. 1992இல் ஊருக்குள் தண்ணீர் வந்ததும் வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் முளைத்தது.

தண்ணீர் வந்தால் ஆளும் வரும். ஊர் பெருத்தது, தேவை ஏறியது. பனி அதற்கேற்பக் கூடவில்லை. காற்றில் கிழிந்த வலையைத் தைப்பது யார், அதற்குக் காசு யாருடையது என்பதும் தீரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் லாரி திரும்பி வந்துவிட்டது. பனிவலை தோற்றுவிட்டது என்று இதைச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பராமரிப்பு இல்லாவிட்டால் எந்தக் குடிநீர்த் திட்டமும் இப்படித்தான் படுத்துவிடும்.

மொராக்கோவின் பூத்மெஸ்கிடா மலையில் இன்று வலை விரித்திருப்பவர்கள் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள். அங்கே மலைக்காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில்கூட அடிக்கும். ஜெர்மானியர் பீட்டர் டிரவுட்வைன் வடிவமைத்த வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கண்ணிவலை முட்டுக் கொடுத்திருக்கிறது. கட்டியிருப்பது ரப்பர் பிடிகளால், அடிக்கிற அடிக்கு அவை நெகிழ்ந்து கொடுக்கும். தார் சி ஹ்மாத் என்ற உள்ளூர் அமைப்பு அதைக் கவனித்துக்கொள்கிறது. கிணற்றுக்கு நடையாய் நடந்த பெண்களுக்கு இப்போது வீட்டில் குழாய் இருக்கிறது.