இரும்பு நிற்கும், ரப்பர் காயும்

பந்திங்கிலிருந்து மோரிப் தாண்டித் தெற்கே போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போனவர்களுக்கு இயந்திர வலிமை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிரே சாலை காலியாகிறது. கடந்து போகச் சில விநாடிகள்தான் இருக்கின்றன. சின்ன இயந்திரம் பூட்டிய கார் முதலில் கத்துகிறது, பிறகுதான் நகர்கிறது. பெரிய இயந்திரம் பூட்டியது மிதித்ததும் கிளம்பிவிடுகிறது. அந்தச் சில விநாடிகளுக்காகவே, புது மைவி கார் வாங்க மாதத்தவணை கட்ட முடியாத இளைஞர், இருபது வருடத்துக்கு மேல் ஓடிய புரோட்டோன் பெர்டானா வி6 ஒன்றைத் தேடிப் போகிறார். ஏறக்குறைய ஒரு புதிய மோட்டார் சைக்கிளின் விலைக்கு 150 குதிரைத்திறன். உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

இந்த ஆசைக்கு அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு ஓர் உருவம் கிடைத்தது. பொன்டியாக் நிறுவனம் ஒரு நடுத்தரக் காரின் உடலுக்குள் 6.4 லிட்டர் வி8 இயந்திரத்தை இறக்கி, ஜிடிஓ என்று பெயரிட்டு, வேலைக்குப் போகத் தொடங்கிய இளைஞர்கள் வாங்கும் விலையில் விற்றது. மஸில் கார் என்ற வகையே அப்படித்தான் புகழ் பெற்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடியும் புகைக் கட்டுப்பாடுகளும் ஏறிய காப்புறுதிக் கட்டணமும் அதன் முதல் காலத்தை முடித்துவைத்தன.

மலேசியாவில் அப்படி ஒன்று பிறந்திருக்கவே முடியாது. காரணம் சாலை வரி. இங்கே அந்த வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. அதுவும் படிப்படியாகச் செங்குத்தாக ஏறுவது. தீபகற்ப மலேசியாவில் தனியார் செடான் ஒன்றுக்கு 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 வெள்ளியைத் தாண்டாது. அதைத் தாண்டினால் 200 வெள்ளியில் தொடங்கி ஒவ்வொரு சிசிக்கும் 40 காசு. 1,800ஐத் தாண்டினால் 280 வெள்ளியில் தொடங்கி சிசிக்கு 50 காசு. பெர்டானா வி6இன் 1,998 சிசிக்குக் கணக்குப் போட்டால் 379 வெள்ளி வரும். 3,000 சிசிக்கு மேல் 2,130 வெள்ளியும் கூடுதல் சிசி ஒவ்வொன்றுக்கும் நாலரை வெள்ளியும். இதே விகிதத்தில் அந்த ஜிடிஓவுக்கு வரி கட்டுவதென்றால் ஆண்டுக்கு 17,300 வெள்ளிக்கு மேல் ஆகும். எனவே நம் ஊரின் வேகக் கார்கள் வேறு வழியில் வளர்ந்தன. வரிப்படியின் கீழ்ப்பகுதியில் நின்றுகொண்டே, சிறிய இயந்திரத்திலிருந்து எவ்வளவு கறக்க முடியும் என்பதுதான் அவற்றின் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை காற்றில் இருக்கிறது. ஓர் இயந்திரத்தின் வலிமைக்கு எல்லை போடுவது அது உள்ளே இழுக்கும் காற்று. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்றை அப்படி ஊற்ற முடியாது. சிலிண்டரின் இடம் எவ்வளவோ அவ்வளவுதான் ஒரு மூச்சில் போகும். ஆகவே கூடுதல் வலிமைக்கு இரண்டு நேர்வழிகள்: சிலிண்டரைப் பெரிதாக்குவது, அல்லது ஒரு நிமிடத்தில் எடுக்கும் மூச்சுகளைக் கூட்டுவது. அமெரிக்கர்கள் முதல் வழியில் போனார்கள். வரிக்கு அஞ்சிய நாம் இரண்டாவதில் போனோம்.

1990களின் கடைசியில் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்குள் இருப்பது 4ஜி93 என்ற மிட்சுபிஷி இயந்திரம். 1,834 சிசி, ஏறக்குறைய 140 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அது சுழலும்போது, சிலிண்டர்கள் முழுதாக நிரம்புவதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,500 லிட்டர் காற்றை விழுங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் போல இழுப்பார். ஒரு சின்னஞ்சிறு கார் எழுநூறு எண்ணூறு பேர் சேர்ந்து மூச்சுவிடும் காற்றைத் தனியாக எடுத்துக்கொள்கிறது! அந்த வேகத்தில் ஒரு பிஸ்டன் கீழிறங்கி ஒரு மூச்சை இழுக்கக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. அதற்குள் காற்று நுழைந்தாக வேண்டும். சிலிண்டருக்கு நான்கு வால்வுகளும், அவற்றைத் திறந்து மூட இரண்டு கேம்ஷாஃப்ட்களும் வைப்பது இதற்காகத்தான். ஒரு லிட்டருக்கு எத்தனை குதிரை என்று பார்த்தால், 1964இன் ஜிடிஓ ஐம்பதை ஒட்டி நிற்கிறது. சத்ரியா எழுபத்தைந்தைத் தாண்டுகிறது. கார் திருப்பங்களில் நடந்துகொள்ளும் விதத்தைச் சீர்செய்தது, 1996இல் புரோட்டோன் வாங்கிய லோட்டஸ் நிறுவனம்.

பெர்டானாவின் வி6 இன்னும் விசித்திரமானது. இரண்டு லிட்டரை ஆறு சிலிண்டராகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 333 சிசிதான். குறுக்களவு 78.4 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 69 மில்லிமீட்டர் மட்டுமே. குறைந்த தூரம் நகர்வதால் கூடிய சுற்றுகளைப் பிஸ்டன் தாங்கும். நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஆறில் மூன்றில் ஒரு சுற்றுக்கே ஒன்று. இடைவெளி குறைவதால் அதிர்வு அடங்கி, அந்த ஓசை பட்டுப்போல் வருகிறது. இதைக் கேட்டுத்தான் பலர் விழுந்துவிடுகிறார்கள். அதில் தவறில்லை; அவ்வளவு சிறிய வி6கள் உலகத்திலேயே குறைவு.

ஆனால் வாங்கப்போகிறவர் பார்க்க வேண்டியது அந்த இரும்பை அல்ல.

பழைய கார் என்றதும் இயந்திரம் தேய்ந்திருக்கும் என்று பயப்படுகிறோம். ஓடும் இயந்திரத்தில் கிராங்க்ஷாஃப்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. சுழற்சியே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலத்தை உருவாக்கி, அதன்மேல் உலோகம் மிதக்கிறது. தேய்மானத்தின் கணிசமான பங்கு, எண்ணெய் இன்னும் மேலேறாத தொடக்க விநாடிகளில் நடப்பது. காலத்தில் எண்ணெய் மாற்றிய 4ஜி வரிசை இயந்திரங்கள் வாடகைக் கார்களில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியதை நாம் பார்த்திருக்கிறோம்.

முதுமை வருவது அந்த இரும்பைச் சுற்றியுள்ள ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் திரவங்களுக்கும். ரப்பர் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் சிக்கல். ஆங்காங்கே கந்தகம் முடிச்சுப் போட்டிருப்பதால்தான் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்புகிறது. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து வருடக்கணக்கில் புதுப்புது முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே போகின்றன. முடிச்சு கூடக் கூட ரப்பர் விறைக்கிறது, பிறகு வெடிக்கிறது. பத்து டிகிரி கூடினால் இந்த வேதிவினை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. குளிர்காலமே இல்லாத கோலலங்காட் மாவட்ட வெயிலில், பானெட்டுக்கு அடியில், அந்த ரப்பருக்கு ஓய்வு எங்கே? இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங், ரேடியேட்டர் ஹோஸ், வெற்றிடக் குழாய்கள், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் வரிசையாகக் காயும். கிலோமீட்டர் மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்று மகிழ்வதில் பொருளில்லை. ரப்பர் ஓடாமல் நின்றாலும் காயும்.

அவற்றில் மிகக் கொடியது டைமிங் பெல்ட். கேம்ஷாஃப்டையும் கிராங்க்ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது அந்த ஒற்றை ரப்பர் பட்டை. இரட்டைக் கேம் 4ஜி93இல் அது அறுந்தால், திறந்தபடி நின்ற வால்வை மேலே வரும் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். சில நூறு வெள்ளியில் மாற்றியிருக்க வேண்டிய பட்டை இயந்திரத்தையே கொன்றுவிடும். எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள். பில் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும். வி6இல் இயந்திரம் குறுக்காக அடைத்து உட்கார்ந்திருப்பதால் கை நுழையவே இடமிருக்காது. போமன் கேட்கும் கூலியும் அதற்கேற்ப ஏறும்.

அடுத்தது ரேடியேட்டர். நம் ஊரில் பனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் நிறைய. உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டுமே. வார்ப்பிரும்பு பிளாக்கும் அலுமினியத் தலையும் ஒரே நீரில் நனைந்து கிடக்கும்போது அரிப்பு நடக்கும். அதைத் தடுக்கும் மருந்தும் கூலன்டில்தான் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். அதன் ஸ்பிரிங் கூடுதலாக 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால், உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 118 டிகிரி போலத்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்த 18 டிகிரி போய்விடும். நெரிசலில் ஊசி சிவப்புக்கு ஏறும், ஹெட் கேஸ்கெட் போகும். பழைய காருக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது புது மூடி.

பிரேக் எண்ணெய் இதற்கு நேர்மாறாகக் கண்ணில் படாமலே கெடும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு வைத்திருக்கும் அளவுகோல் 140 டிகிரிதான். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது அந்த 140ஐ எட்டுவது கடினமல்ல. எண்ணெய் ஆவியானால் குழாய்க்குள் குமிழி. குமிழி அமுங்கும், மிதி தரைவரை போகும், கார் நிற்காது. 150 குதிரை பூட்டிய காரை வாங்கிவிட்டுப் பிரேக் எண்ணெயை மாற்றாதிருப்பதை நான் ஒருக்காலும் ஏற்கமாட்டேன்.

துருவைப் பற்றிப் பந்திங்காரர்களுக்குத் தெரியும். மழை, கடற்காற்று, மோரிப் கரையில் காரை நிறுத்திய ஞாயிறுகள். இரும்பு எலக்ட்ரானை இழக்கிறது, ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது, உப்புநீர் அவற்றுக்கிடையே மின்சுற்றை முடித்துவைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் சாயம் கொப்பளிக்கும். பின்சக்கர வளைவு, ஸ்பேர் டயர் குழி, கார்பெட்டுக்கு அடியில் உள்ள தரை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுப் பிறகு பானெட்டைத் திறக்கலாம். இயந்திரத்தை மாற்றலாம், அழுகிய உடலை மாற்ற முடியாது.

இயந்திரத்தை மாற்றலாம் என்று சொல்ல முடிவது நம் நாட்டின் ஒரு விந்தை. ஜப்பானில் பழைய கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் ஷாகேன் சோதனை செலவு பிடித்தது. நல்ல நிலையிலிருக்கும் கார்களைக்கூட உரிமையாளர்கள் கைவிட்டுவிடுவார்கள். முழுக் காராக மலேசியாவுக்குள் கொண்டுவர ஏபி எனும் இறக்குமதி அனுமதி வேண்டும். நடுவில் வெட்டினால் அது உதிரிப்பாகம். அப்படி வந்த ஹாஃப்கட்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் கடைகளை நிறைத்தன. மிட்சுபிஷி லான்சரின் டர்போ 4ஜி93, புரோட்டோன் வீராவுக்குள் பொருந்தியது அப்படித்தான். 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட்டில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றபோது, அந்தப் பெர்ட்டும் அடிப்படையில் மிட்சுபிஷி லான்சர் எவலூஷன்தான் என்பது இளைஞர்களுக்கு மறக்கவில்லை. ஆனால் மாற்றிய இயந்திரத்தின் எண்ணைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிந்து, வாகனச் சோதனையில் தேறி, பதிவுச் சான்றான கிராண்டில் ஏற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தன்று காப்புறுதி கைவிரிக்க வழி பிறக்கும். வாங்கும்போது இயந்திர எண்ணையும் கிராண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பெர்டானா ஏன் இவ்வளவு மலிவு? 2008இல் திரெங்கானு மாநில அரசு தன் பெர்டானா வி6களுக்குப் பதில் 14 மெர்சிடிஸ் கார்களை வாங்கியது. பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதே சொன்ன காரணம். நாடு முழுவதும் அது சர்ச்சையானது. அரசாங்கமே தாங்கவில்லை என்ற பேச்சு இன்னும் அந்தக் காரின் விலையை அழுத்துகிறது. சத்ரியா ஜிடிஐக்கோ சேகரிப்பாளர்கள் கூடிவிட்டதால் அதைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள். வாங்கும் விலை மலிவு என்பது வைத்திருக்கும் செலவு மலிவு என்பதல்ல. வங்கிக் கடன் கிடைப்பது அரிது; ரொக்கம் வேண்டும். முழுக் காப்புறுதி தரத் தயங்குவார்கள். பழைய புரோட்டோன்கள் திருடர்களுக்கும் பிடித்தவை. மறுபக்கம், புதுக் கார் கடையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்து இழக்கும் மதிப்பை இது என்றைக்கோ இழந்து முடித்துவிட்டது. வாங்கும் விலைக்குச் சமமான இன்னொரு தொகையைப் பழுதுக்காகத் தனியே வைக்க முடிந்தவருக்கு இது நல்ல கார். முடியாதவருக்கு 1.6 வீராவே போதும். வரியும் 90 வெள்ளிதான்.

பணத்தால் சரிசெய்ய முடியாத ஒன்று மட்டும் உண்டு. இந்தக் கார்கள் வரையப்பட்டது 1990களில். ஆசியான் என்கேப் மோதல் சோதனைகள் வந்தது 2011க்குப் பிறகு. வழுக்கும் காரைத் தானே நேராக்கும் இஎஸ்சி கருவி புதிய மாடல்களுக்குக் கட்டாயமானது 2018இல். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும் நவீன உடற்கூடும் பல காற்றுப்பைகளும் இவற்றில் கிடையாது. லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆகாத மகனுக்கு முதல் காராக இதை வாங்கித் தரலாமா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். சாலையில் பத்தாண்டு பழகிய, மழைநாளில் லாரிக்குப் பின்னால் பொறுமையாக வரத் தெரிந்த ஒருவர் கேட்டால், பெல்ட்டும் ஹோஸும் பிரேக் எண்ணெயும் மாற்றப் பணம் எடுத்து வைத்தாயிற்றா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும்.