தீர்ப்பு வந்துவிட்டது, ஜீவனாம்சம் வரவில்லையே!

2024 டிசம்பரில் கோவை குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒருவர் இருபது மூட்டைகளோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள். மொத்தம் 80,000 ரூபாய். விவாகரத்து வழக்கில் மனைவிக்கு இடைக்கால ஜீவனாம்சமாக 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அதில் ஒரு பகுதியைத்தான் இப்படிச் சுமந்து வந்திருந்தார். நீதிபதி ஏற்கவில்லை. நோட்டாக மாற்றிக் கொண்டுவரச் சொன்னார். மீதி 1,20,000 ரூபாயையும் கட்டச் சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டு ஜெய்ப்பூரிலும் இதே கதைதான்: 55,000 ரூபாய், ஏழு மூட்டை, 280 கிலோ.

நாணயமும் பணம்தானே என்று கேட்கலாம். 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டம் 6-ம் பிரிவு அதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நாணயங்கள் 1,000 ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லுபடியாகும் கொடுப்பனவு. அதற்கு மேல் போனால் வாங்க மறுக்கும் உரிமை பெறுபவருக்கு உண்டு.

இந்த இரண்டு சம்பவங்களும் செய்தியில் வந்தவை. பெரும்பாலான பெண்களுக்கு நடப்பது சத்தமில்லாமல் நடக்கிறது. முதல் இரண்டு மாதம் பணம் வரும். மூன்றாம் மாதம் பாதி. பிறகு போனையே எடுப்பதில்லை. வீட்டு வாடகையும் பிள்ளையின் ஃபீஸும் மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும். "அதான் தீர்ப்பு வந்தாச்சே, கோர்ட்டே வாங்கிக் கொடுத்துடும்" என்று அந்தப் பெண் காத்திருப்பார். சறுக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எந்த நீதிமன்றமும் தானாகக் கிளம்பிப் போய் வசூலிப்பதில்லை. அதற்குத் தனியாக மனு போட வேண்டும், காலக்கெடு தாண்டுவதற்குள் போட வேண்டும்.

ஓராண்டுக் கெடு

உத்தரவு எந்தச் சட்டத்தின்கீழ் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவு என்று பலருக்கும் பழக்கப்பட்ட விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவாகியிருக்கிறது. எண்தான் மாறியது, உரிமை அப்படியே இருக்கிறது. விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் இந்தப் பிரிவில் 'மனைவி'தான். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் இந்த வழி உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இதன்கீழ் வந்த உத்தரவை மீறினால், அபராதத்தை வசூலிப்பதுபோல ஜீவனாம்சத்தை வசூலிக்க வாரண்ட் பிறப்பிக்கலாம். அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்கலாம். கலெக்டருக்கு வாரண்ட் அனுப்பி, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லலாம். அதன் பிறகும் பாக்கி நின்றால் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பலாம்; இடையில் பணத்தைக் கட்டினால் விடுதலை.

ஆனால் இந்த வாரண்டுக்கு ஒரு நிபந்தனை: தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டிருக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் என்று உத்தரவு இருந்து, 15 மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனு போட்டால், கடைசி 12 மாதத்துக்கான 1,20,000 ரூபாய்க்குத்தான் வாரண்ட் கிடைக்கும். முதல் மூன்று மாதத்து 30,000 ரூபாய் இந்த வழிக்குள் வராது. "பெரியவங்க பேசிட்டிருக்காங்க, கொஞ்சம் பொறு" என்று உறவினர்கள் சொல்லும் ஒவ்வொரு மாதத்துக்கும் இப்படி ஒரு விலை இருக்கிறது.

அந்த 30,000 போயே போய்விட்டதா? இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஓராண்டு வரம்பு அந்தத் தனி வசூல் முறைக்கு மட்டுமே. பணத்தின் மீதான உரிமையை அது அழிப்பதில்லை, சிவில் வழி திறந்தே இருக்கிறது என்றது.

சம்பளத்திலேயே பிடிக்கலாம்

இந்து திருமணச் சட்டம் 25-ம் பிரிவின்கீழ் நிரந்தர ஜீவனாம்சம் கிடைத்திருந்தால், அதே சட்டத்தின் 28ஏ பிரிவுப்படி அதை மற்ற சிவில் தீர்ப்புகளைப் போலவே நிறைவேற்றலாம். வக்கீல்கள் 'இ.பி.' என்று சொல்வது இந்த நிறைவேற்றல் மனுவைத்தான். இதற்கு 12 ஆண்டு அவகாசம் உண்டு. மாதத் தவணையாக இருந்தால் ஒவ்வொரு தவணை தவறிய நாளிலிருந்தும் கணக்கு.

கணவர் மாதச் சம்பளக்காரராக இருந்தால் சம்பளத்தில் பிடிப்பதைவிட நேரான வழி இல்லை. சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தில் கை வைக்கச் சட்டம் தயங்கும். பெரும்பகுதியைக் காப்பாற்றிக் கொடுக்கும். ஜீவனாம்சத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ம் பிரிவு, ஜீவனாம்சத் தீர்ப்பென்றால் மூன்றில் ஒரு பங்குச் சம்பளத்துக்கு மட்டுமே பாதுகாப்பு தருகிறது. கணக்கில் வரும் சம்பளம் 45,000 என்றால், 30,000 ரூபாய் வரை பிடிக்க முடியும். நீதிமன்ற உத்தரவு கிடைத்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்தால், அந்தத் தொகைக்கு நிறுவனமே பொறுப்பு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 20-ம் பிரிவின்கீழ் வந்த உத்தரவாக இருந்தாலும், பணத்தை நேராகப் பெண்ணுக்கே அனுப்பும்படி முதலாளிக்கு மாஜிஸ்திரேட் ஆணையிடலாம்.

சொந்தத் தொழில் செய்பவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. அங்கே வங்கிக் கணக்கு, வண்டி, மனை, வாடகை வரவு என்று தேட வேண்டியிருக்கும். சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரும்படி அவருக்கு உத்தரவிட நீதிமன்றத்தைக் கேட்கலாம். தராமல் இழுத்தடித்தால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. நிலம் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்பதை வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். வழக்கு நடக்கும்போதே யோசித்தால் இன்னும் நல்லது. ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கணவரின் அசையாச் சொத்தின் மீது பொறுப்பு ஏற்றும்படி இந்து திருமணச் சட்டம் 25-ம் பிரிவிலேயே கேட்கலாம்.

2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வழிகளையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்துச் சொன்னது. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். எந்தச் சட்டத்தில் வந்த உத்தரவானாலும் அதைச் சிவில் பணத் தீர்ப்பைப் போல நிறைவேற்றலாம் என்பவை அதன் சாரம்.

வழக்கமான சாக்குகள்

"ஒரு மாசம் உள்ளே இருந்துட்டு வந்தா கணக்கு தீர்ந்தது" என்று சிலர் மிரட்டுவார்கள். தீராது. சிறை என்பது பணத்தைக் கட்ட வைப்பதற்கான அழுத்தம்தான், சிறையில் இருந்ததால் பாக்கி கழிந்துவிடாது என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"வேலை போய்விட்டது" என்பது அடுத்தது. உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டியவர் என்று 2022-ல் அதே நீதிமன்றம் சொன்னது. வருமானம் உண்மையிலேயே குறைந்துபோனவர்களும் உண்டு. அவர்கள் தொகையைக் குறைக்கக் கோரி மனு போடலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. உத்தரவு மாறும்வரை பழைய தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும். பெண்ணின் வருமானம் கூடினாலோ மறுமணம் நடந்தாலோ கணவர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பதையும் பெண்கள் அறிந்திருக்க வேண்டும்.

"வங்கிக் கடனே கழுத்தை நெரிக்கிறது" என்பது மூன்றாவது. வைரத் தொழிற்சாலை நடத்திய ஒருவரின் வழக்கில் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடன் கொடுத்தவர்களுக்கு முன்பாக மனைவி மக்களின் ஜீவனாம்ச பாக்கிக்கே முன்னுரிமை என்றது.

ஒரு தாள், நான்கு கட்டம்

மனு வலுவாக நிற்பதற்குப் பெரிய ஆதாரங்கள் தேவையில்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போதும்: மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி. பாஸ்புக்கை என்ட்ரி போட்டு, ஒவ்வொரு மாதத்தையும் அதோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். தீர்ப்பின் சான்றிட்ட நகல், கணவரின் தற்போதைய முகவரி, வேலை பார்க்கும் இடத்தின் பெயர், தெரிந்த வங்கிக் கிளை, வண்டி எண் ஆகியவை கூட இருக்கட்டும். முகவரி தவறினால் நோட்டீஸ் திரும்பி வரும், வாய்தா தள்ளிப்போகும், வழக்கு மாதக்கணக்கில் நகராது.

பணத்தை வங்கி வழியாகவே வாங்குவது நல்லது. கையில் ஐந்தாயிரம் கொடுத்துவிட்டு இருபதாயிரம் கொடுத்ததாகச் சொன்னால் மறுக்க எந்தச் சாட்சியும் இருக்காது. 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய தாளில், பணம் கணக்கில் ஏறும்வரை கையெழுத்துப் போடக் கூடாது. சமரசப் பேச்சில் மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டால் தவணைத் தேதிகளையும், தவறினால் என்ன என்பதையும் உத்தரவிலேயே எழுதி வாங்க வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று நிற்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 12-ம் பிரிவு, வருமானத்தைப் பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனு கொடுத்தால் வக்கீல் நியமித்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181. அந்த நான்கு கட்டத் தாளோடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, பாக்கி நின்ற முதல் மாதத்துக்கு ஓராண்டு நிறைய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதைத்தான்.