பிழை பொறுக்கும் கோல்

நான் கோல்ப் ஆடியவனல்லன். ஆயினும், அவ்வாட்டத்திற் பழகிய நண்பரொருவர் அண்மையில் இரு கோல்களை என்னிடம் தந்தார். இரண்டும் பந்தை நெடுந்தூரம் செலுத்துதற்கென அமைந்த 'டிரைவர்' என்னும் வகையின. ஒன்றன் தலை மரம், உள்ளங்கையில் அடங்குவது. மற்றதன் தலை உலோகம். சிறு தேங்காயளவு பருத்தது. தலைகளின் நிறையோ ஏறக்குறைய ஒன்றே என்றார் அவர். இவ்விந்தையின் காரணத்தை ஆராயப் புகுந்தேன்.

பழைய தலைகள் வட அமெரிக்காவில் வளரும் பெர்சிமன் மரத்திற் கடையப்பட்டவை. நம் நாட்டுக் கருங்காலிக்கு அஃது இனமான மரம். தண்டு ஹிக்கரி மரத்தாலானது. ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் கழகம் 1929இல் உருக்குத் தண்டுக்கு இசைவளித்தது. மறு ஆண்டிலும் பொபி ஜோன்ஸ் ஹிக்கரித் தண்டுகளைக் கொண்டே நான்கு பெரும் போட்டிகளை வென்றார். பின்னர் ஹிக்கரி மறைந்தது. மரத்தலை மட்டும் நெடுநாள் நிலைத்தது.

1979இல் கரி அடம்ஸ் என்னும் அமெரிக்கர், உட்புறம் வெறுமையான உருக்குத்தலையை விற்கத் தொடங்கினார். உருக்குக்குப் பேர்போன நகரின் பெயரால் அதனைப் 'பிற்ஸ்பேர்க் பெர்சிமன்' என்றனர். மரத்தை வெல்ல வந்த உருக்கும் மரத்தின் பெயரையே சூடிக்கொண்டது!

திண்ணிய மரத்தலையின் நிறை நடுவைச் சூழ்ந்தே கிடக்கும். பந்து ஓரத்திற் பட்டால் தலை திருகும்; பந்து வழிதவறி, விசையும் இழக்கும். வெறுமையான தலையிலோ நிறை விளிம்பிற் பரந்து அத்திருகலை எதிர்த்து நிற்கும். 1991இல் வந்த 'பிக் பேர்த்தா' என்னும் உருக்குக்கோலின் தலை 190 கன சென்ரிமீற்றர். உருக்கினும் இலேசான டைட்டேனியம் வந்தபின், நிறை கூடாமலே தலை பருத்தது. மெல்லிய முகம் பந்து பட்டதும் உள்வாங்கி மீண்டு அதனை உந்திற்று. 2004இல் 460 கன சென்ரிமீற்றரே எல்லையென விதி வகுக்க நேர்ந்தது. திடல்களும் நீண்டன. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஒகஸ்ரா திடலின் பதின்மூன்றாம் குழி, 2023இல் 510 யாரிலிருந்து 545 யாராக நீட்டப்பட்டது.

எனினும், என் சிந்தையைக் கவர்ந்தது தூரமன்று. மரக்கோல் ஆடுவோன் பிழையை அக்கணமே அவன் கைக்கு உணர்த்துகிறது; புதுக்கோல் அதனைப் பொறுத்துக்கொள்கிறது. அப்பொறையினாலன்றோ முதியோரும் புதியோரும் ஆட்டத்தில் இன்பங் காண்கின்றனர்! அதனை நான் இகழேன். ஆயினும், மாணவர் பிழையைச் சுட்டியே வாழ்நாளைக் கழித்தவனாதலின், மரக்கோலைத் திருப்பிக் கொடுக்கச் சற்றுத் தாமதித்தேன்.